முதல் முறை ஓட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை: லைஃப்ரே போர்ட்டலும் மைஎஸ்கியூஎல்லும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லைஃப்ரே என்ற ஜாவா போர்ட்டல் மென்பொருளின் 7.4ஐ, அதை ஓட்டும் டாம்கேட் சர்வரோடு சேர்ந்த பொதியாக இறக்கி, ஒரு லினக்ஸ் சர்வரில் பிரித்து ஓட்டியிருக்கிறீர்கள். எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது. சில வாரங்கள் பக்கங்கள், கட்டுரைகள், ஆவணங்கள் எல்லாம் சேர்த்த பிறகு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு மாறினீர்கள். போர்ட்டல் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக எழுந்தது. அதில் புதிதாக எழுதிய தமிழும் கேள்விக்குறிகளாக நிற்கிறது. பழையதை மீட்க முடியுமா, இனி எப்படிச் சரியாக நிறுவுவது என்பது கேள்வி.

பழைய பக்கங்கள் எங்கும் போகவில்லை. லைஃப்ரேவின் தலைமை ஃபோல்டரில் இருக்கும் 'டேட்டா' ஃபோல்டரை யாரும் அழித்துவிடாமல் இப்போதே ஒரு நகல் எடுத்து வையுங்கள். மீதியைப் பதறாமல் செய்யலாம்.

லைஃப்ரேவுக்கு டேட்டாபேஸ் எதையும் காட்டாமல் ஓட்டினால், அது தனக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்சானிக் என்ற சிறிய ஜாவா டேட்டாபேஸில் எழுதத் தொடங்கிவிடும். 'டேட்டா' ஃபோல்டருக்குள் 'ஹைப்பர்சானிக்' என்றே ஒரு துணை ஃபோல்டர் இருக்கும், பாருங்கள். போர்ட்டலைத் தொட்டுப் பார்ப்பதற்காக மட்டும் கொடுக்கப்பட்டது அது. உண்மையான பயன்பாட்டுக்கு வைக்கக் கூடாது என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாம் வேலை செய்வதுபோலத் தெரிவதால், பலரும் அதிலேயே வாரக்கணக்கில் உழைப்பைக் கொட்டிவிடுகிறார்கள். நீங்கள் மைஎஸ்கியூஎல்லைக் காட்டியதும் போர்ட்டல் அங்கே புதிதாக டேபிள்களை உருவாக்கிக்கொண்டது. பழைய டேபிள்களை அது தானாகத் தூக்கி வருவதில்லை.

மீட்கும் வழி இது. சர்வரை நிறுத்தி, அமைப்புக் கோப்பில் மைஎஸ்கியூஎல்லைக் காட்டும் வரிகளை எடுத்துவிட்டு, பழையபடி ஹைப்பர்சானிக்கிலேயே ஒருமுறை எழுப்புங்கள். தளத்தின் மெனுவில் ஏற்றுமதி இருக்கும். அது தளத்தை 'லார்' என்ற ஒரே கோப்பாகக் கட்டித் தரும். பக்கங்கள், கட்டுரைகள், ஆவணங்கள் அதற்குள் வரும். பயனர் கணக்குகள் வராது. அவற்றைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். அப்புறம், இறக்குமதி செய்யும் போர்ட்டலும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். புதியதாக ஒன்றை இறக்கிவிட்டு 'லார்' ஏற மாட்டேன் என்கிறது என்று திகைத்து நிற்பது அடிக்கடி நடக்கிறது.

இனி கேள்விக்குறிகள். திரையில் தெரிவது கேள்விக்குறியா, வேறு குப்பையா, வெறும் கட்டமா என்பதைப் பொறுத்து நோயே மாறும். கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை, தரவு பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக மூன்று மூன்றாக ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் தெரிந்தால், பைட்டுகள் சரியாகத்தான் இருக்கின்றன, படிக்கும் இடத்தில் தவறான குறியாக்கத்தில் (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) படிக்கிறோம் என்று பொருள். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால்தான் மூன்று மூன்றாக வருகிறது. அதை மீட்கலாம். உண்மையான கேள்விக்குறியாக இருந்தால், எழுதும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. அதை எந்த அமைப்பை மாற்றியும் திரும்பக் கொண்டுவர முடியாது.

சந்தேகமாக இருந்தால், பைட்டுகளை எண்களாகக் காட்டும் மைஎஸ்கியூஎல்லின் 'ஹெக்ஸ்' ஃபங்ஷனால் அந்த நெடுவரிசையைப் பாருங்கள். 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால் அது கேள்விக்குறியேதான். ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்று தொடங்கினால் அது நல்ல தமிழ்.

இது ஏன் நடந்தது? மைஎஸ்கியூஎல் 5.7 வரை, நாம் எதுவும் சொல்லாமல் டேட்டாபேஸ் உருவாக்கினால் லத்தீன்1 குறியாக்கத்தில்தான் உருவாகும். 2018இல் வந்த 8.0இல்தான் யூடிஎஃப்8எம்பி4 இயல்பானது. 8.0 வைத்திருப்பவர்களும் பழைய சர்வரின் கன்ஃபிக் கோப்பை அப்படியே கொண்டுவந்து போட்டால் பழைய குறியாக்கமும் கூடவே வந்துவிடும். இரண்டாவது சந்தேகம், டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று போர்ட்டலுக்குச் சொல்லும் இணைப்பு யூஆர்எல் மேல். லைஃப்ரே ஆவணத்தில் உள்ள யூஆர்எல் நீளமாக இருக்கிறதே என்று கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிடுவார்கள். அந்த வாலில்தான் குறியாக்கம் யூடிஎஃப்-8, சர்வர் நேர மண்டலம் ஜிஎம்டி என்ற இரண்டும் இருக்கின்றன. அதை வெட்டாதீர்கள்.

'ஆல்ட்டர் டேட்டாபேஸ்' போட்டு இப்போது குறியாக்கத்தை மாற்றினால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. அது இனி உருவாகும் டேபிள்களுக்கான இயல்பை மட்டுமே மாற்றும். ஏற்கெனவே இருக்கும் டேபிள்கள் பழையபடியேதான் நிற்கும். புதிய டேட்டாபேஸில் கேள்விக்குறிகளைத் தவிர இன்னும் ஒன்றும் சேரவில்லை என்பதால், அதை முழுக்க டிராப் செய்துவிட்டு (அழித்துவிட்டு) மறுபடி உருவாக்குவதே நல்லது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர்ட்டல் முதல் முறை எழும்போது நூற்றுக்கணக்கான டேபிள்களைத் தானே உருவாக்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் குறியாக்கம், டேபிள் பெயர்களின் எழுத்து வடிவம், தேதிகள் எந்த நேர மண்டலத்தில் பதிவாகும் என்பதெல்லாம் உறைந்துவிடுகின்றன. அதற்கு முன் இவற்றை மாற்ற ஒரு வரி போதும். பின்னால் மாற்ற ஒரு வாரம் போகும்.

ஆகவே டேட்டாபேஸிலிருந்து தொடங்குவோம். 'கிரியேட் டேட்டாபேஸ் எல்போர்ட்டல் கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4' என்று குறியாக்கத்தை வெளிப்படையாகச் சொல்லி உருவாக்குங்கள். 'எல்போர்ட்டல்' என்பது லைஃப்ரேகாரர்கள் வழக்கமாக வைக்கும் பெயர், கட்டாயமில்லை. வெறும் 'யூடிஎஃப்8' என்று மட்டும் எழுதாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பெயர் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் வைத்துக்கொள்ளும். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் அதற்குள் அடங்கிவிடும் என்பதால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். பிறகு ஒரு நாள் யாராவது ஓர் இமோஜியோடு கருத்து எழுதுவார்கள், அது 4 பைட், சேமிக்கும்போது பிழை அடிக்கும்.

டேபிள் பெயர்களின் பெரிய, சிறிய எழுத்து விஷயத்தை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. மைஎஸ்கியூஎல்லில் 'லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் 1, எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தாக மாற்றியே சேமிக்கும். தன் விண்டோஸ் மடிக்கணினியில் உருவாக்கிய டேட்டாபேஸை டம்ப் எடுத்து, அதாவது முழுவதையும் ஒரு கோப்பாக எழுதி, லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், 'ரிலீஸ்_' போன்ற டேபிள்கள் முதல் எழுத்து சிறியதாக வந்து இறங்கும். போர்ட்டல் பெரிய எழுத்தில் தேடும், கிடைக்காது. இந்த அமைப்பை மைஎஸ்கியூஎல் 8.0இல் சர்வரை முதன்முதலாகத் துவக்கும்போது மட்டுமே அமைக்க முடியும், பிறகு மாற்ற வழியில்லை. எனவே சோதனைக்கும் லினக்ஸிலேயே ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிறு தகவல்: 'யூசர்_', 'குரூப்_', 'ரோல்_' என்று சில டேபிள்களின் பெயருக்குப் பின்னால் அடிக்கோடு இருப்பதைப் பார்த்துக் கெட்டுப்போன டேபிள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சொற்கள் எஸ்கியூஎல்லில் ஏற்கெனவே வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால் அப்படிப் பெயரிட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு இன்னும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால், நான் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸைத்தான் சொல்வேன். மேற்கோள் இல்லாத பெயர்களை அது எப்போதும் சிறிய எழுத்தாகவே எடுத்துக்கொள்வதால் மேலே சொன்ன சிக்கல் அங்கே கிடையாது. யூடிஎஃப்8 என்று சொன்னால் அங்கே முழு யூடிஎஃப்-8தான். ஆனால் உங்கள் அலுவலகத்தில் மைஎஸ்கியூஎல் தெரிந்தவர்கள்தான் இருக்கிறார்கள் என்றால் மைஎஸ்கியூஎல்லிலேயே இருங்கள். நள்ளிரவில் ஒன்று நின்றுபோனால் கையாளத் தெரிந்த ஆள் இருப்பது, இந்த வித்தியாசங்களைவிடப் பெரிய விஷயம்.

டேட்டாபேஸ் பயனரை போர்ட்டலுக்கென்றே தனியாக உருவாக்குங்கள், எல்லா உரிமையும் உள்ள ரூட் வேண்டாம். ஆனால் அந்த டேட்டாபேஸுக்குள் டேபிள் உருவாக்கும், மாற்றும், நீக்கும் உரிமை வரை எல்லாமே அவருக்கு வேண்டும். படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமை தருவோம் என்று டேட்டாபேஸ் நிர்வாகி சொன்னால், அவருடைய கவலை நியாயமானதுதான். இருந்தாலும் நிறுவும்போதும், பதிப்பு உயர்த்தும்போதும், சில மாட்யூல்களைச் சேர்க்கும்போதும் போர்ட்டல் டேபிள்களைத் தானே மாற்றும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். உரிமை பாதியில் மறுக்கப்பட்டால் டேட்டாபேஸும் பாதி உருவான நிலையில் நின்றுவிடும்.

அடுத்து போர்ட்டல். பழைய ஃபோல்டரிலேயே வரிகளை மாற்றி ஓட்டாமல், பொதியைப் புதிய ஃபோல்டரில் மறுபடி பிரித்துப் போடுங்கள். ஏனென்றால் 'டேட்டா' ஃபோல்டரில் ஹைப்பர்சானிக் மட்டுமா இருக்கிறது? பழைய ஆவணக் கோப்புகளும் தேடல் குறியீடும் அங்கேதான் இருக்கின்றன. டேட்டாபேஸ் புதியது, கோப்புகள் பழையவை என்ற கலவையில் தேடினால் இப்போது இல்லாத பக்கங்களும் வரும். உங்கள் போர்ட்டலில் இப்போது அது நடந்துகொண்டிருந்தால் ஆச்சரியமில்லை.

ஜாவா பதிப்பை லைஃப்ரேவின் பொருத்த அட்டவணையில் பார்த்துவிட்டே போடுங்கள். 7.4இன் ஆரம்ப வெளியீடுகள் ஜாவா 8, 11 இரண்டிலும் ஓடின. அண்மை வெளியீடுகள் 17 அல்லது 21 கேட்கின்றன. சர்வரில் இரண்டு மூன்று ஜாவா கிடந்தால், 'ஜாவா ஹோம்' எதைக் காட்டுகிறது என்பதைப் போர்ட்டல் ஓடும் பயனராகவே உள்நுழைந்து பாருங்கள். ரூட்டாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரியலாம்.

லைஃப்ரேவின் தலைமை ஃபோல்டரில் 'போர்ட்டல்-எக்ஸ்ட் டாட் ப்ராப்பர்ட்டீஸ்' என்று ஒரு கோப்பை நீங்களே உருவாக்க வேண்டும். அதில் 'ஜேடிபிசி டாட் டிஃபால்ட்' என்று தொடங்கும் நான்கு வரிகள்: டிரைவரின் (போர்ட்டலை டேட்டாபேஸோடு பேசவைக்கும் ஜாவா கோப்பு) கிளாஸ் பெயர், யூஆர்எல், பயனர் பெயர், கடவுச்சொல். கடவுச்சொல் வெறும் எழுத்தாக இருப்பதால், போர்ட்டல் ஓடும் பயனரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி கோப்பின் அனுமதியை 600 ஆக்கிவிடுங்கள். ஆரக்கிள் போன்றவற்றுக்கு டிரைவர் பொதியில் வராது, நீங்களே இறக்கி வைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் டிரைவரும் உங்கள் பொதியில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிறைய பேரின் நேரத்தைத் தின்ற ஒரு பொறி இருக்கிறது. முதல் முறை ஓட்டும்போது உலாவியில் ஓர் அமைப்புப் பக்கம் வருமே, அதில் நிரப்புவதை போர்ட்டல் 'போர்ட்டல்-செட்அப்-விசார்ட்' என்ற இன்னொரு கோப்பில் எழுதிவைக்கும். இரண்டு கோப்பும் இருந்தால், அந்த விசார்ட் கோப்பில் உள்ளதுதான் செல்லும். நீங்கள் 'எக்ஸ்ட்' கோப்பில் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். டேட்டாபேஸ் வரிகளை 'எக்ஸ்ட்' கோப்பில் மட்டும் வைத்து, விசார்ட் கோப்பில் 'ஜேடிபிசி' வரிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல் 8.0இல் முதல் இணைப்பிலேயே பொதுச் சாவியைப் பெற அனுமதி இல்லை என்ற பிழை வந்தால் கடவுச்சொல் தவறு என்று நினைக்க வேண்டாம். 8.0இன் புதிய அங்கீகார முறையால் வருவது அது. டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருந்தால், டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்பை ஒழுங்காக அமைப்பதே சரியான தீர்வு. ஒரே சர்வருக்குள் என்றால் யூஆர்எல்லில் அனுமதியைச் சேர்த்துவிட்டுப் போகலாம்.

இணைப்பை 'எக்ஸ்ட்' கோப்பில் எழுதாமல் டாம்கேட்டின் அமைப்பில், ஜேஎன்டிஐ வழியாகக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் முதல் நிறுவலுக்கு வேண்டாம் என்பேன். பிழை வந்தால் தேட வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். அதோடு டாம்கேட்டின் கோப்பு எக்ஸ்எம்எல் என்பதால், யூஆர்எல்லில் வரும் ஆம்பர்சேண்ட் குறியை அங்கே அப்படியே ஒட்ட முடியாது, எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுத வேண்டும்.

இணைப்புகளின் எண்ணிக்கை பற்றி. ஜாவா போர்ட்டலில் ஒரு பக்கம் என்பது பல போர்ட்லெட்கள், அதாவது தனித்தனியாக இயங்கும் சிறு பகுதிகள், சேர்ந்தது. 2003இல் ஜேஎஸ்ஆர் 168, பிறகு 2008இல் ஜேஎஸ்ஆர் 286 என்று இந்த அமைப்புக்கு ஒரு பொதுத் தரம் வகுத்தார்கள். ஒரே பக்கத்தில் அறிவிப்பு, நாள்காட்டி, ஆவணப் பட்டியல், கருத்துக்கணிப்பு என்று நான்கு இருந்தால் நான்குமே தத்தம் தரவை டேட்டாபேஸிடம் கேட்கும். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறப்பது டேட்டாபேஸுக்குப் பல கேள்விகள். அதனால்தான் போர்ட்டல் ஹிகாரிசிபி என்ற பூல் (இணைப்புகளின் தொகுப்பு) மூலம் இணைப்புகளைத் திறந்து வைத்தே பயன்படுத்துகிறது. லைஃப்ரேவில் அந்தப் பூலின் இயல்பான உச்சம் 100. மைஎஸ்கியூஎல் ஏற்கும் இணைப்புகளின் இயல்பான உச்சம் 151. ஒரு சர்வர் ஓடும்வரை தெரியாது. சுமை கூடியது என்று இரண்டாவது போர்ட்டல் சர்வரைச் சேர்த்தீர்கள் என்றால் 200, டேட்டாபேஸ் மறுக்கத் தொடங்கிவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் உச்சமே 100தான், அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. டேட்டாபேஸின் எண்ணை ஏற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நான் பூலைக் குறைத்துப் பார்க்கச் சொல்வேன். நடுத்தர அளவு அலுவலகத்துக்கு ஒரு சர்வருக்கு 40, 50 இணைப்பு தாராளம். அதுவும் போதவில்லை என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு கேள்வி நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

போர்ட்டலை இயக்கும் ஜேவிஎம் என்ற ஜாவா இயந்திரத்தின் அமைப்புகள் டாம்கேட்டின் 'செட்என்வ்' கோப்பில் இருக்கும். நினைவகத்தின் தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒரே எண்ணாக வையுங்கள். 4 ஜிபியில் தொடங்கலாம். கோப்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8, நேர மண்டலம் ஜிஎம்டி என்று ஏற்கெனவே இருக்கும் இரண்டு வரிகளையும் தொடாதீர்கள். நம் ஊர் நேரம் தெரிய வேண்டுமே என்று ஜிஎம்டியை மாற்றுபவர்கள் உண்டு. பயனருக்குத் தெரியும் நேரத்தைப் போர்ட்டலின் நிர்வாகப் பக்கத்தில் அமைக்கலாம். டேட்டாபேஸில் பதிவாவது எப்போதும் ஜிஎம்டியாகவே இருக்கட்டும். நடுவில் மாற்றினால், குறித்த நேரத்தில் வெளியாக வேண்டிய கட்டுரைகள் மணிக்கணக்கில் முன்பின்னாகும்.

சரி, இப்போது ஓட்டலாம். லினக்ஸில் போர்ட்டலுக்கென ஒரு பயனரை உருவாக்கி, அவர் பெயரில் ஓட்டுங்கள். ஒருமுறை தவறி ரூட்டாக ஓட்டிவிட்டால், உருவான கோப்புகளெல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகி அடுத்த முறை அனுமதிப் பிழைகள் வரும். இன்னொரு ஜன்னலில் 'கேட்டலினா டாட் அவுட்' லாகைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் துவக்கம் பல நிமிடம் எடுக்கும். அசைவே இல்லாததுபோல இருக்கும், கைவைக்காதீர்கள். சர்வர் இத்தனை மில்லி விநாடியில் எழுந்தது என்ற வரி வந்த பிறகு 8080 போர்ட்டில் பக்கம் திறக்கும். நடுவில் மின்சாரமோ பொறுமையோ போய் நின்றுவிட்டால், அந்த டேட்டாபேஸை ஒட்டுப்போட முயலாமல் டிராப் செய்து, புதிய ஃபோல்டரோடு மறுபடி தொடங்குங்கள். இந்தக் கட்டத்தில் இழக்க ஒன்றுமில்லை.

எழுந்ததும் 'லார்' கோப்பை ஏற்றாதீர்கள். முதலில் ஒரு சோதனைக் கட்டுரை: தமிழில் இரண்டு வரி, ஓர் இமோஜி. சேமித்து, சர்வரை நிறுத்தி எழுப்பி, மறுபடி பாருங்கள். தமிழில் பெயருள்ள ஒரு கோப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள். லாகில் எந்த டேட்டாபேஸ் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஹைப்பர்சானிக் என்ற பெயர் வந்தால் உங்கள் கோப்பை அது படிக்கவே இல்லை. இவை தேறிய பிறகு இறக்குமதி.

தேடலுக்கு லைஃப்ரே எலாஸ்டிக்சர்ச் என்ற தனி மென்பொருளைப் பயன்படுத்துகிறது. பொதியோடு வருவது சோதனைக்கு மட்டும். உண்மையான பயன்பாட்டுக்குத் தனியாக நிறுவி இணைக்க வேண்டும். அதை நிறுவும்போது லினக்ஸ் கெர்னலின் மெமரி மேப் எண்ணிக்கையை 262144 ஆக உயர்த்தச் சொல்லும். தேடல் குறியீடு கெட்டுப்போனால் பயப்பட வேண்டாம், டேட்டாபேஸிலிருந்து முழுவதையும் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

வெளியே காட்டும்போது முன்னால் ஓர் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி வெப் சர்வரை வைத்து, எச்டிடிபிஎஸ்ஸை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் பதிவேற்றத்தை மறுக்கும், 413 என்ற பிழை வரும். போர்ட்டலின் அமைப்பில் எவ்வளவு தேடினாலும் அதற்கான காரணம் கிடைக்காது. வெப் சர்வரும் டாம்கேட்டும் பேசிக்கொள்ளும் ஏஜேபி முறைக்கான 8009 போர்ட்டை, தேவையில்லை என்றால் மூடியே வையுங்கள். 2020இல் வெளிவந்த கோஸ்ட்கேட் பாதுகாப்பு ஓட்டை அதன் வழியாகத்தான் வந்தது. அதன் பிறகு வந்த டாம்கேட்கள் அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கின்றன.

கடைசியாக பேக்கப். இதில் எனக்கே அடிபட்டிருக்கிறது. நான் கவனித்துக்கொண்ட ஒரு போர்ட்டலில் தினமும் இரவு டேட்டாபேஸ் டம்ப் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. வட்டு பழுதான நாளில் அதை ஏற்றினோம். பக்கங்கள் எல்லாம் வந்தன, ஆவணப் பட்டியலும் ஒன்று விடாமல் வந்தது. எதைத் திறந்தாலும் கோப்பு இல்லை. லைஃப்ரே ஆவணத்தின் பெயர், அளவு, யார் ஏற்றியது போன்றவற்றைத்தான் டேட்டாபேஸில் வைக்கிறது. கோப்பு, 'டேட்டா' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டாக்குமென்ட் லைப்ரரி' ஃபோல்டரில் இருக்கிறது. அதை யாரும் பேக்கப்பில் சேர்க்கவில்லை. பல ஆண்டு ஆவணங்களை ஊழியர்கள் தங்கள் மின்னஞ்சல்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள், பலது கிடைக்கவே இல்லை.

டம்பும் அந்த ஃபோல்டரின் நகலும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். முடிந்தால் போர்ட்டலைச் சில நிமிடம் நிறுத்தியே எடுங்கள். முடியாதென்றால் முதலில் டம்ப், உடனே ஃபோல்டர் என்ற வரிசையில் எடுங்கள். அப்படியெடுத்தால், நடுவில் ஏறிய சில கோப்புகள் பட்டியலில் இல்லாமல் மிஞ்சிக் கிடக்கும், அவ்வளவுதான். திருப்பி எடுத்தால், பட்டியலில் இருந்தும் கோப்பு இல்லாத ஆவணங்கள் வரும். 'எக்ஸ்ட்' கோப்பையும் 'ஓஎஸ்ஜிஐ' ஃபோல்டரில் உள்ள கன்ஃபிக் கோப்புகளையும் கூடவே எடுத்து வையுங்கள். அவை சில கிலோபைட்தான். 'லார்' இறக்குமதி முடிந்த அன்றே இந்த மூன்றையும் வேறொரு சர்வரில் ஏற்றி, ஓர் ஆவணத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். அது திறந்த பிறகு பழைய ஹைப்பர்சானிக் ஃபோல்டரை நீக்கலாம்.